வேட்பாளரும் இரண்டு கையெழுத்தும்

(மதுரையில் நண்பர்கள் கூட்டிய ஒருநாள் கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



வழக்கமாக என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவார்கள். இன்றைக்கு அரசியல் பேசச் சொல்லிவிட்டார்கள். 'வேட்பாளர் தேர்வு: கொள்கையா, நடைமுறையா?' என்று தலைப்பு. தலைப்பைச் சொன்ன தோழரிடம், "இதுல எனக்கு என்ன தெரியும், நான் பேங்க் கிளார்க்குங்க" என்றேன். "அதனாலதான் கூப்பிடுறோம், உங்களுக்குக் கணக்குத் தெரியும்ல" என்றார். அந்தக் கணக்குத்தான் என்னை மாட்டிவிட்டது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஊர் பேரைச் சொல்லப்போவதில்லை. மேலூர்ப் பக்கம், பெரியாறு தண்ணி பாயுற ஊர். 2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது; ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலருக்குத்தான் சின்னம். ஆனாலும் எந்தக் கட்சி யாருக்குப் பின்னால் நிற்கிறது என்பது டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும்.

காளியம்மன் கோவில் முன்னால் நம்ம சனம் கூடியது. இரண்டு பெயர்கள். ஒருவர் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். சேரியில் அவருக்குக் 'கேஸ்காரர்' என்று பட்டப்பெயர். எங்களுக்குச் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. வரப்பு மேலதான் பாடை போகணும். நெல்லு நிக்கிற காலத்துல, மழை பெஞ்ச நாள்ல, தூக்குறவன் முழங்கால் வரைக்கும் சேறு. ஒருமுறை பொணத்தைத் தார் ரோட்டில் இறக்கிவைத்து மறியல் பண்ணினார் அண்ணன். அதில் இரண்டு வழக்கு. வாய்தாவுக்கு அலைந்து அலைந்து கொத்தனார் வேலையே போயிற்று.

இன்னொருவர் ஓய்வுபெற்ற வாத்தியார். நல்ல மனுசன். யாரோடும் சண்டை கிடையாது. ஊர்க்காரர்கள் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். ஆனால் அவரிடம் படித்த பையன்கூட "வா வாத்தியாரே" என்பான். "வாங்க" கிடையாது. அவரும் அதைக் காதில் வாங்கமாட்டார்.

யாரை நிறுத்துறதுன்னு பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் ஒரு பெரியவர், "படிச்சவன் இருக்கான்ல, பேங்க்ல கோடிக்கணக்குல எண்ணுறவன், அவன் சொல்லட்டும்" என்றார். சட்டைப்பையில் பணம் எடுக்கிற சலான் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மொத்த ஓட்டு 1800 சொச்சம். நம்ம ஓட்டு 430. அண்ணன் நின்றால் 430ம் விழும், அதற்குமேல் ஒன்றுகூட விழாது. ஊர் தன் பண்ணையில் வேலை பார்க்கும் நம்ம ஆள் ஒருத்தரையே நிறுத்தி ஜெயிக்கவைத்துவிடும். வாத்தியார் நின்றால் ஊர் ஓட்டு உடையும். அங்கே இரண்டு கோஷ்டி. வாத்தியார் என்றேன்.

அண்ணன் சலானை வாங்கிப் பார்த்தார். "சரிடா தம்பி, கூட்டல் தப்பா இருக்காது" என்றார். எழுந்து போய்விட்டார். அன்று ராத்திரியே வாத்தியாருக்குப் பசை காய்ச்சி நோட்டீஸ் ஒட்டினதும் அவர்தான். கோபித்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வாத்தியார் ஜெயித்தார். என் கணக்கு 40 ஓட்டு வித்தியாசத்தில் பலித்தது.

இந்த மனக்கணக்கு நான் கண்டுபிடித்ததல்ல தோழர்களே. நம் அரசியல் தொடங்கிய நாளிலிருந்தே இது நம் கழுத்தில் தொங்குகிறது. 1932 செப்டம்பர் 24, எரவாடா சிறை, பூனா ஒப்பந்தம். தனித்தொகுதி முறை போனது, 148 இடங்கள் வந்தன, அதில் சென்னை மாகாணத்துக்கு 30 என்பது வரைக்கும் எல்லோரும் பேசுவோம். அதே ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்து உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. ஒவ்வொரு ஒதுக்கீட்டு இடத்துக்கும் முதலில் தாழ்த்தப்பட்டோர் மட்டும் ஓட்டுப்போட்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரைப் பிறகு எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். அதாவது வேட்பாளர் யார் என்பதை நாம் தீர்மானிப்போம், ஜெயிப்பவர் யார் என்பதை ஊர் தீர்மானிக்கும். பத்து வருஷத்துக்கு இந்த ஏற்பாடு. இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி.ராஜாவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இது.

இதில் நடந்தது என்ன? முதல் சுற்றில் நம் மக்கள் யாரை முதலாவதாக அனுப்பினார்களோ அவர் இரண்டாம் சுற்றில் தோற்பார். நாலாவதாக வந்தவர் ஜெயிப்பார். 1946 தேர்தலில் ஷெட்யூல்டு காஸ்ட் ஃபெடரேஷனுக்கு இதுதான் நேர்ந்தது. அந்த முதல் சுற்று முடிவுகளைத்தான் அம்பேத்கர் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழுவின் முன்னால் எடுத்துவைத்து, எங்கள் பிரதிநிதி யார் என்பதை எங்கள் ஓட்டை வைத்துப் பார், அவர்கள் ஓட்டை வைத்துப் பார்க்காதே என்று வாதாடினார். தூதுக்குழு கேட்கவில்லை.

நாலாவதாக வந்தவர் உள்ளே போய் என்ன செய்தார் என்பதற்கும் சென்னை சட்டசபையிலேயே சாட்சி இருக்கிறது. 1938ல் எம்.சி.ராஜா கோவில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். ராஜாஜி அரசாங்கம் அதை ஏற்கவில்லை, மசோதா தோற்றது. ஒதுக்கீட்டு இடங்களில் காங்கிரஸ் சீட்டில் வந்தவர்கள் கட்சியோடு நின்றார்கள். அவர்களை வேட்பாளர் ஆக்கியது கட்சி. அவர்கள் வேறு எங்கே நிற்பார்கள்?

இதைச் சொல்லிவிட்டு 'அப்படியானால் ஊர் ஓட்டு வாங்குகிறவன் எல்லாம் துரோகி' என்று முடித்துவிட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் கக்கனை என்ன செய்வது? நம்ம மேலூர் தும்பைப்பட்டிக்காரர். 1939 ஜூலை 8ல் வைத்தியநாத ஐயரோடு மீனாட்சியம்மன் கோவிலுக்குள் போனவர்களில் ஒருவர். காங்கிரஸ் வேட்பாளராகவே நின்று ஜெயித்து, உள்துறை அமைச்சர் வரைக்கும் போனவர். பதவி போனபின் சொந்தமாக ஒன்றும் இல்லாமல், இதே மதுரையில் அரசு ஆஸ்பத்திரியின் சாதாரண வார்டில் கிடந்தார், எம்.ஜி.ஆர் போய்ப் பார்த்தார் என்று இன்றைக்கும் எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். எளிமைக்கு உதாரணமாம். அதே கக்கன் உள்துறை அமைச்சராக இருந்தபோதுதான் 1965 மொழிப்போரில் துப்பாக்கிச்சூடு நடந்தது. பழி அவர் தலையில் விழுந்தது. 1967ல் மேலூரிலேயே தோற்றார். அவர் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவர் எளிமையைப் பாராட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. நமக்கு ஒரு அமைச்சர் வாய்த்தால் அவர் ஏழையாகச் சாகவேண்டும் என்பது என்ன ஆசை?

அம்பேத்கரே என்ன செய்தார்? 1946ல் அரசியல் நிர்ணய சபைக்குப் பம்பாயிலிருந்து போக வழி இல்லை. வங்காளத்தில் ஜோகேந்திரநாத் மண்டல் நின்று அனுப்பிவைத்தார். பிரிவினையில் அந்த இடமும் போயிற்று. 1947 ஜூலையில் பம்பாயிலிருந்து காங்கிரஸ் ஆதரவில்தான் திரும்பவும் உள்ளே போனார். யாரை எதிர்த்து 'காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன' என்று 1945ல் புத்தகமே எழுதினாரோ அதே காங்கிரஸ். போகாமல் இருந்திருந்தால் 17வது ஷரத்து எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு சொந்தக் காலில் 1952ல் வடக்கு பம்பாயில் நின்றார், தோற்றார். 1954ல் பண்டாரா இடைத்தேர்தலில் நின்றார், தோற்றார். நடைமுறை தெரிந்தவர் நடைமுறையை விட்டுவிட்டும் நின்று பார்த்திருக்கிறார்.

இனி நம்ம மாவட்டத்துக்கு வருவோம். 1996ல் உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகள் நமக்கென்று ஒதுக்கப்பட்டன. பத்து வருஷம் அங்கே தலைவர் கிடையாது. மனுவே போடவிடமாட்டார்கள், அல்லது அவர்களே நம்ம ஆள் ஒருவரை நிறுத்துவார்கள். அவர் ஜெயிப்பார், பதவி ஏற்பார், ஏற்ற கையோடு ராஜினாமா எழுதிக் கொடுப்பார். இப்படியே திரும்பத் திரும்ப. 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அந்த ராஜினாமாக்காரர்களை நாம் அன்றைக்குத் திட்டித் தீர்த்தோம். இப்போது நினைத்தால் திட்ட வாய் வரவில்லை. அவர் கூலி வேலை பார்க்கிற காடு யாருடையது? அவர் குடிசை போட்டிருக்கிற இடம் யாருடையது? ராஜினாமாக் கடிதத்தை எழுதியது யார் கை?

மறுபக்கம் மேலவளவு. மனுப் போட்ட பிறகு நம் வீடுகள் கொளுத்தப்பட்டன, தேர்தல் தள்ளிப்போனது, வாக்குப்பெட்டி பறிக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் பிறகு முருகேசன் தலைவரானார். ராஜினாமா எழுதவில்லை. 1997 ஜூன் 30, பஸ்ஸை மறித்து முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டினார்கள். தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலை செய்தார்கள். எங்கள் ஊர்க் கூட்டம் நடந்தது அதற்கு அடுத்த மாதம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் நான் சலானில் கணக்குப் போட்டபோது அதுவும் என் மனசில் இருந்தது. கூட்டல் கழித்தல் மட்டும்தான் போட்டேன் என்று சொன்னால் அது பொய். என் அண்ணன் உயிரோடு இருக்கணும்னும் நினைத்தேன். இது கொள்கையில் சேருமா, நடைமுறையில் சேருமா? தலைப்பு வைத்த தோழர்தான் சொல்லவேண்டும்.

சிறுத்தைகள் இயக்கத்தைப் பற்றிப் பேசாமல் மதுரையில் இதைப் பேச முடியாது. மலைச்சாமி இறந்தபின் 1990ல் இங்கே பொறுப்பேற்ற திருமாவளவன், தடய அறிவியல் துறையில் அரசு வேலை பார்த்துக்கொண்டே இயக்கம் நடத்தியவர். 1999 வரைக்கும் தேர்தல் புறக்கணிப்பு. சுவரெல்லாம் அதைத்தான் எழுதினோம் என்று அண்ணன்மார்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1999ல் வேலையை விட்டுவிட்டு, மூப்பனாரோடு சேர்ந்து சிதம்பரத்தில் நின்றார். இரண்டேகால் லட்சம் ஓட்டு வாங்கித் தோற்றார். ஓட்டுப் போட்டதற்காகச் சேரிகள் எரிந்தன. 2001ல் உதயசூரியன் சின்னத்தில் மங்களூரில் ஜெயித்தார். அடுத்தவன் சின்னத்தில் ஜெயித்தால் சட்டசபையில் நீ அடுத்தவன் உறுப்பினர். 2004ல் அந்தப் பதவியைத் தூக்கிப் போட்டார். 2019ல் சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் 3219 ஓட்டில் தப்பித்தார், விழுப்புரத்தில் ரவிக்குமார் திரும்பவும் உதயசூரியனில் நின்றார். 2021ல் ஆறு இடத்தில் நாலு ஜெயித்தார்கள், அதில் திருப்போரூரும் நாகப்பட்டினமும் பொதுத்தொகுதி. 2024ல் இரண்டு பேரும் பானையிலேயே ஜெயித்தார்கள். மாநிலக் கட்சி என்று அங்கீகாரமும் வந்தது.

இருபத்தைந்து வருஷம் ஆயிருக்கிறது, சொந்தப் பானைக்கு. இந்தப் பானைக்காக எத்தனை ஊரில் எத்தனை கேஸ்காரர்கள் 'கூட்டல் சரியாத்தான் இருக்கும்' என்று ஒதுங்கிப் போனார்கள் என்பதற்கு யாரிடமும் பதிவேடு இல்லை. கூட்டணியில் கேட்டது கிடைக்காத ஒவ்வொரு தொகுதியிலும் ஒருவர் இருப்பார். அவரும் ராத்திரி பசை காய்ச்சியிருப்பார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலையை விட்டு நின்றவரைப் பற்றி, வேலை போய்விடும் என்று எதிலும் நிற்காமல் இருக்கிற நான் குறை சொன்னால் நன்றாக இருக்காது.

சரி, வாத்தியார் கதைக்கு வருகிறேன். மிச்சம் இருக்கிறது.

ஊராட்சிப் பணத்துக்குக் காசோலையில் இரண்டு கையெழுத்து வேண்டும். தலைவர் ஒன்று, துணைத்தலைவர் ஒன்று. தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள், துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத்தலைவர் பதவிக்கு இல்லை. அப்படியென்றால் துணைத்தலைவர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. காசோலைப் புத்தகம் அவர் வீட்டு பீரோவில் இருந்தது. "வாத்தியாரே, நாலஞ்சு தாள்ல போட்டு வைங்க, சும்மா சும்மா உங்கள அலையவிட வேண்டாம்" என்பார். வாத்தியாரும் போட்டுக் கொடுத்தார். தெருவிளக்கு எரிந்தது, குழாயில் தண்ணி வந்தது. சுடுகாட்டுப் பாதை மட்டும் தீர்மானப் புத்தகத்திலேயே ஏறவில்லை. அண்ணன் ஒருநாள் கேட்டதற்கு, "இருக்கிறதையும் கெடுத்துக்கக் கூடாதுப்பா" என்றாராம்.

2022ல் ஒருநாள் ராத்திரி எங்கள் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அம்மாவிடம் மாட்டுக்குத் தீவனம் கிடைக்கிறதா என்று பேசிக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "தம்பி, கையெழுத்துப் போட்டுக் குடுத்த செக்கை நிறுத்த முடியுமா?" என்றார். ஊரில் கல் பதிக்காத தெருவுக்குக் கல் பதித்ததாகப் பில். அவர் வெறுந்தாளில் போட்ட கையெழுத்து அதில் போகப்போகிறது. முடியும் என்றேன். பணம் போக இரண்டு கையெழுத்து வேண்டும். நிறுத்த ஒருவர் எழுதிக்கொடுத்தால் போதும். வங்கியில் சேர்ந்த புதிதில் இதைப் பாடமாகப் படித்தவன் நான். நம்ம மனுசனுக்கு இது ஒரு ஆயுதம் என்று அதுவரைக்கும் தோன்றவே இல்லை. கடிதத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவர் கை நடுங்கியது, ஆனால் போட்டார்.

இதோடு கதை முடிந்தால் நல்ல கதை. துணைத்தலைவர் அதன்பின் எந்தக் காசோலையிலும் கையெழுத்துப் போடவில்லை. நாலு மாசம். மோட்டார் ஆபரேட்டருக்குச் சம்பளம் இல்லை, தூய்மைப் பணியாளர்களுக்குச் சம்பளம் இல்லை. தூய்மைப் பணியாளர் என்றால் யார்? நம்ம பொம்பளைகள். எங்க அத்தை அதில் ஒருத்தி. நான் ஊருக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, துடைப்பத்தோடு வாசலில் வந்து நின்று, "உங்க ரோசத்துக்கு எங்க உலை காயணுமா? எழுதிக் குடுத்தவனுக்கு ஒண்ணாந் தேதியானாச் சம்பளம் வந்துருது" என்று கேட்டாள். பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

கடைசியில் ஒன்றிய அலுவலகத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். தெருவைத் திரும்ப அளந்தார்கள், பில் சுருங்கியது. அந்தப் பேரத்தில் வாத்தியார் சுடுகாட்டுப் பாதையை நூறுநாள் வேலையில் சேர்த்துவிட்டார். மண்பாதைதான். வந்தது. ஒரு பட்டா நிலம் குறுக்கே வரவும் அதோடு நின்றுவிட்டது, இன்னும் 200 மீட்டர் பாக்கி. 2025 ஜனவரியில் பதவிக்காலமும் முடிந்துபோனது. போன மழைக்குப் பெரியப்பா இறந்தார், கேஸ்காரருடைய அப்பா. பாதை வரைக்கும் பாடை சுகமாகப் போனது. முடிந்த இடத்தில் பழையபடி வரப்பில் இறங்கினோம். இறங்குகிற இடத்தில் அண்ணன் திரும்பி வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்கினார்.

அண்ணன் நின்றிருந்தால் தோற்றிருப்பார், அந்தத் தெருவுக்குக் கல் பதித்ததாகப் பணம் போயிருக்கும், அரைப் பாதையும் வந்திருக்காது என்று ஒரு மனசு சொல்கிறது. அண்ணன் தோற்றிருந்தாலும் 430 பேரும் ஒரே பக்கம் நின்ற கணக்கு ஊருக்குத் தெரிந்திருக்கும், அடுத்த தேர்தலுக்கு ஊர் நம்மைத் தேடி வந்திருக்கும் என்று இன்னொரு மனசு சொல்கிறது. இரண்டையும் எந்தச் சலானிலும் போட்டுப் பார்க்க முடியவில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அன்றைக்குக் காளியம்மன் கோவில் முன்னால் முடிவு பண்ணினது யார்? ஆம்பளைகள், அதிலும் படித்தவன் ஒருத்தன். பெண்கள் குழாயடிப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பளம் நின்றபோது உலை காய்ந்தது அவர்கள் வீட்டில். அத்தையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாத்தியாரைச் சொல்லியிருப்பாளோ அண்ணனைச் சொல்லியிருப்பாளோ எனக்குத் தெரியாது. ஆனால் நாலு மாசம் பட்டினி கிடக்கவும் அவள் சம்மதித்த மாதிரி ஆகியிருக்கும்.

அதனால் எங்கள் ஊரில் பூனா ஒப்பந்தத்தின் அந்தப் பழைய ஷரத்தை எடுத்துப் பார்க்கலாம் என்று அண்ணனும் நானும் பேசியிருக்கிறோம். முதல் சுற்று நமக்குள். நாலு பேர் வேண்டாம், ஒருத்தர் போதும். நிற்க விரும்புகிறவர்கள் முன்னால் வந்து பேசட்டும். எதற்குக் கையெழுத்துப் போடுவீங்க, எதற்குப் போடமாட்டீங்க, போடாததால சம்பளம் நின்னா என்ன பண்ணுவீங்க என்று தூய்மைப் பணியாளர்கள் கேட்கட்டும். பிறகு 18 வயதான எல்லோரும், பொம்பளைகள் முதலில், சீட்டுப் போடட்டும். ஜெயித்தவருக்குத் தோற்றவர் பசை காய்ச்சட்டும். வாத்தியாரிடமும் சொன்னோம். "நானும் நிக்கலாமா?" என்று கேட்டார். நில்லுங்க என்றார் அண்ணன்.

சீட்டு கிழித்துக் கொண்டுவருகிற வேலை என்னுடையது. யாருக்கு என்று இந்தத் தடவை நான் சொல்லமாட்டேன். தோழர்கள் கேள்வி இருந்தால் கேளுங்கள்.